தேடல் பெட்டிக்குள் எந்த மொழி?

மொரீசியஸில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் உதவி மேசை என்னுடையது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பேச்சுமொழி), நாளிதழில் பிரெஞ்சு, கோயிலில் தமிழ், தேர்வில் ஆங்கிலம். கேம்பிரிட்ஜ் பள்ளி இறுதித் தேர்வை ஆங்கிலத்தில் எழுதித் தேறி வந்தவர்கள்தானே, இனி என்ன கஷ்டம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கஷ்டம் தேடல் பெட்டியில்தான் தொடங்குகிறது.

ஓட்டல் துறையில் படிக்கும் ஒரு பெண் வந்தாள். "மிஸ், என் தலைப்பில் ஒரு கட்டுரைகூட இல்லை" என்றாள், கிரியோலில். ஓட்டல் ஊழியர்களுக்கான பயிற்சி பற்றி எழுத வேண்டும். அவள் தட்டியிருந்த சொல் 'ஃபார்மேஷன்'. பிரெஞ்சிலும் கிரியோலிலும் அந்தச் சொல்லுக்குப் பயிற்சி என்று பொருள், ஆங்கிலத்தில் உருவாக்கம். பாறை உருவான கதையெல்லாம் திரையில் வந்து நின்றது. 'ட்ரெய்னிங்' என்று மாற்றினோம், ஊழியருக்கு 'எம்ப்ளாயீ' போட்டோம். கட்டுரைகள் வரிசையாக வந்தன. பொருத்தமாகக் கிடைத்த முதல் கட்டுரையின் குறிச்சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த தேடலுக்கு அதுதான் அகராதி. கூகுள் நம் மனதை ஊகித்துக்கொள்ளும். ஆய்விதழ்த் தரவுத்தளம் பெரும்பாலும் கொடுத்த சொல்லைத்தான் தேடும்.

இப்படி ஏமாற்றும் சொற்கள் ஏராளம். நூலகத்துக்கே ஒன்று உண்டு: பிரெஞ்சில் 'லிப்ரெரி' என்றால் புத்தகக் கடை! பொருளாதார மாணவர்களுக்கு இன்னும் ஆபத்து. ஆங்கில பில்லியன் 100 கோடி, அதற்குப் பிரெஞ்சில் 'மில்லியார்'. பிரெஞ்சு 'பில்லியோன்' லட்சம் கோடி. அறிக்கையிலிருந்து எண்ணை அப்படியே எடுத்தால் 1,000 மடங்கு பிழை.

அப்புறம், மொழிபெயர்ப்புக் கருவி. பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை அதில் போட்டு, வந்த ஆங்கிலத்தைச் சொந்த எழுத்தாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஒப்புமை காட்டும் மென்பொருளுக்கு அது தப்பிவிடலாம். தப்பினாலும் களவு களவுதான். கேட்டால், "ஆங்கிலவழிப் பாடத்துக்குப் பிரெஞ்சு மேற்கோள் கூடாதே, மிஸ்" என்கிறார்கள். யார் சொன்னது? பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனைப் பற்றிய ஆய்வுகள் நிறைய பிரெஞ்சில்தான் இருக்கின்றன. தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஏபிஏ என்னும் மேற்கோள் முறையில் மூலத் தலைப்பை அப்படியே எழுதி, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தந்தால் போதும்.

ஆசிரியர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. வாசிப்புப் பட்டியல் எங்கள் கைக்கு வருவது பருவம் பாதி கடந்த பிறகு. மின்னூல்தானே, எத்தனை பேரும் படிக்கலாம் என்ற நினைப்பு. சில மின்னூல்களை ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே திறக்கும் உரிமத்தோடுதான் விற்கிறார்கள். ஒப்படைப்புக்கு முந்தைய இரவு வகுப்பே அதன் வாசலில் நிற்கும். முன்கூட்டித் தெரிந்தால் கூடுதல் உரிமம் கேட்டுப் பார்க்கலாம், எளிய ஆங்கிலத்தில் ஓர் அறிமுக நூலும் சேர்த்து வைக்கலாம்.

சில பிள்ளைகள் மேசைக்கு வருமுன் கேள்வியை ஆங்கிலத்தில் முணுமுணுத்து ஒத்திகை பார்ப்பதைக் கவனித்திருக்கிறேன். பாதி பேர் ஒத்திகையோடு திரும்பிப் போய்விடுகிறார்கள். கிரியோலிலேயே கேளுங்கள். தமிழில் கேட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம். ஆங்கிலச் சொல்லை இரண்டு பேருமாகத் தேடிக்கொள்ளலாம்.