பதிவு போட்ட பிறகு என்ன செய்கிறோம்? குமரி மாவட்டச் சிறு வணிகர்களின் சமூக ஊடக விளம்பரம் பற்றி

நாகர்கோவில், மார்த்தாண்டம் பகுதிகளில் சிறு வணிகங்களுக்குச் சமூக ஊடக விளம்பரப் பணிகளைச் செய்து தரும் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையை எப்படிக் கூட்டுவது என்பதைத்தான். அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்த்தால், "விலை என்ன?", "சென்னைக்கு அனுப்புவீர்களா?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டு வைத்த கேள்விகள் பதிலின்றிக் கிடக்கும், பதில் இருந்தாலும் "இன்பாக்ஸில் வாருங்கள்" என்ற ஒரே வரியாக இருக்கும். வாங்கும் எண்ணத்தோடு வந்தவரை இப்படித் திருப்பி அனுப்பிவிட்டு, புதியவர்களைத் தேடிப் பணம் செலவிடுவதைவிடப் பெரிய வீண் செலவு வேறில்லை என்பதே என் கருத்து.

விலையை வெளிப்படையாக எழுதினால் போட்டியாளர் தெரிந்துகொள்வார் என்பது இப்படி மறைப்பதற்கு அவர்கள் கூறும் காரணம். ஒரே சந்தையில் வியாபாரம் செய்யும் போட்டியாளருக்கு அந்த விலை ஏற்கெனவே தெரியும்; தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டுமே. விலை, எடை, கூரியர் செலவு, பொருள் சென்று சேரும் நாள் ஆகியவற்றைப் பதிவிலேயே எழுதிவிடுவது நல்லது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் இதற்கென்றே கேட்டலாக் எனப்படும் பொருட்பட்டியல் வசதி இலவசமாக இருந்தும், அதை நிரப்பி வைத்திருக்கும் கடைகள் குறைவு.

அடுத்தது, எந்தப் பொருளை யாருக்குக் காட்டுவது என்ற கேள்வி. நம் மாவட்டத்து வாழை வகையான மட்டியின் கனிந்த பழம் நெடுந்தூரப் பயணத்தைத் தாங்காது. ஆகவே அதற்கான விளம்பரம் கடையைச் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சென்றால் போதும். நேந்திரங்காய் சிப்ஸோ, வளைகுடா நாடுகளிலும் பெங்களூருவிலும் வாழும் நம் மாவட்டத்தவர் ஊர் நினைவோடு தேடி வாங்கும் பொருள் என்பதால், அதன் விளம்பரம் அங்கே தோன்ற வேண்டும். நாகர்கோவில் வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளை வாங்குவோரில் பரதநாட்டியக் கலைஞர்களும் மாணவிகளும் கணிசமானவர்கள். அவர்களுக்கு நகையின் அழகான படத்தோடு, அதன் எடையும் அளவும் அடிப்படை உலோகமும் தெரிய வேண்டும். இந்த வேறுபாட்டையெல்லாம் எண்ணிப் பார்க்காமல், இடத்தையும் வயதையும் தேர்ந்தெடுக்காமல், பணம் கட்டிப் பதிவைப் பலருக்குக் காட்டச் செய்யும் "பூஸ்ட்" பொத்தானை அவசரத்தில் அழுத்துபவர்களின் பணம் ஒருநாளும் பொருள் வாங்காதவர்களுக்குப் படம் காட்டியே தீர்ந்துவிடுகிறது.

பதிவில் என்ன எழுதுவது என்று திகைப்பவர்களுக்கு மார்த்தாண்டம் தேன் நல்ல எடுத்துக்காட்டு. இங்குள்ள தேனில் பெரும்பகுதி, ரப்பர் மரங்கள் இலையுதிர்ந்து மீண்டும் தளிர்க்கும் பருவத்தில், பூவிலிருந்து அல்லாமல் இளம் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரிலிருந்து கிடைக்கிறது. இந்தத் தேன் விரைவில் உறைந்து மணல்போல் ஆகும் இயல்புடையது. வெளியூரில் அதை வாங்கியவர், சர்க்கரைப் பாகு கலந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் புகார் எழுதிவிடுகிறார். உறைந்த தேன் புட்டியை இளஞ்சூடான நீரில் வைத்து இளக்கிக் காட்டி, இது ஏன் நிகழ்கிறது என்பதைத் தேனீ வளர்ப்பவரே தம் பேச்சில் விளக்கும் ஒரு நிமிடக் காணொளி, பண்டிகைதோறும் போடப்படும் வாழ்த்துப் படங்கள் அனைத்தையும்விடப் பயனுள்ளது. (அந்த வாழ்த்துப் படங்களில் கடை முதலாளியின் புகைப்படம் பொருளைவிடப் பெரிதாக இருப்பது ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

அதே தேனுக்கோ கருப்பட்டிக்கோ "சர்க்கரை நோயைக் குணப்படுத்தும்" என்று எழுதுவதோ விளக்கமன்று, தவறான விளம்பரம். சமூக ஊடகப் பதிவும் சட்டத்தின் பார்வையில் விளம்பரமே. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006-இன்படி, உணவைப் பற்றித் தவறான எண்ணம் ஏற்படுத்தும் விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஓர் ஊரின் தனிப்பொருளுக்கு வழங்கப்படும் புவிசார் குறியீட்டின் முத்திரையையும், அதற்கென அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளாமல் படத்தில் ஒட்டக்கூடாது. பணம் வாங்கிக்கொண்டு கடையைப் புகழும் காணொளியாளர், அது விளம்பரம் என்று வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் அந்தப் பக்கம் நமக்குச் சொந்தமானதன்று. 2020 ஜூன் மாத இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் அதுவரை சேர்த்த பார்வையாளர்களை ஒரே நாளில் இழந்தார்கள். கணக்கு திருடப்பட்டாலும் இதே கதிதான். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இன்றே இயக்கி வையுங்கள்.

ஆகவே, பக்கத்தின் வழியாக வரும் ஒவ்வொருவரையும், அவர் சம்மதத்துடன், கடையின் சொந்த வாடிக்கையாளர் பட்டியலில் சேர்த்துக்கொள்வது அவசியம். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்ப உதவும் வாட்ஸ்அப்பின் பிராட்காஸ்ட் பட்டியல் வழியே அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே சென்று சேரும் என்பதால், பில் கொடுக்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்ல வேண்டும். பிறகு, புதிய சரக்கு வரும்போதும் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பும் ஒரு செய்தி அனுப்பினால் போதும். நாள்தோறும் காலை வணக்கம் அனுப்பும் கடையின் எண்ணை மக்கள் பிளாக் செய்துவிடுகிறார்கள்.