குறுக்குவெட்டு: வாழைத்தண்டுக்கு சரி, நைட்ரஜனுக்கு?

போன வாரம் அக்கா பையன் ஒரு குறிப்பை நீட்டினான், இங்கிலீஷ்ல இருந்து யாரோ தமிழாக்கினது. "மாமா, நைட்ரஜன் மூலக்கூறோட அயனியாக்க குறுக்குவெட்டு 100 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் உச்சத்துக்குப் போகுதுன்னு போட்டிருக்கு, அப்ப மூலக்கூறு வீங்குதா?"ன்னு கேட்டான். அயனியாக்கம்னா மூலக்கூறுல இருந்து ஒரு எலக்ட்ரானைத் தட்டி விடுறது, எலக்ட்ரான் வோல்ட் இங்க மோத வர்ற எலக்ட்ரானோட ஆற்றலைச் சொல்ற அலகு. அவன் மேல தப்பே இல்ல, குறுக்குவெட்டுன்னு படிச்சா எவனும் அப்படித்தான் நினைப்பான். இந்த வார்த்தையை இப்படிப் போட்டு நான் பாக்குறது இது எத்தனையாவது தடவைன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்.

குறுக்குவெட்டுங்கறது இங்கிலீஷ் கிராஸ் செக்‌ஷனோட நேர் தமிழாக்கம். அதுல இருக்கிற செக்‌ஷன், வெட்டுறதுங்கற லத்தீன் வேர்ல இருந்து வந்தது, பூச்சிக்கான இன்செக்ட்டும் அதே வேர்தான், உடம்பு துண்டு துண்டா இருக்கிறதால. வாழைத்தண்டை குறுக்கால நறுக்கினா தெரியுதே வட்டம், அது குறுக்குவெட்டு. கம்பி, குழாய், மரம் எல்லாத்துக்கும் அது அருமையான சொல், யாரும் கை வைக்க வேணாம். சிக்கல் மோதல் கணக்குல வருது. 1858-ல ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் வாயு மூலக்கூறுகளைப் பந்து மாதிரி வச்சு, ஒண்ணு இன்னொண்ணுல முட்டாம எவ்வளவு தூரம் போகும்னு கணக்குப் போட்டாரு. அங்க பந்தோட பரப்புதான் இலக்கு, பெருசா இருந்தா அடிபட வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான். பின்னாடி பந்து போயிடுச்சு, பரப்பு மட்டும், மோதினா ஒரு விளைவு நடக்க எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற கணக்கு அளவா நின்னுடுச்சு.

இதை எப்படி அளக்குறாங்கன்னு பாத்தா விஷயம் புரிஞ்சிடும். ஒரு எலக்ட்ரான் கற்றையை லேசான வாயுக்குள்ள விடுறாங்க, உண்டாகுற அயனிகளை பக்கத்துல இருக்கிற தகடு இழுத்துக்குது, அயனி மின்னோட்டத்தை எலக்ட்ரான் மின்னோட்டத்தால வகுத்தா வர்றது வாயுவோட அடர்த்தி (ஒரு கன செ.மீ.ல எத்தனை மூலக்கூறுன்னு), பாதை நீளம், அந்தப் பரப்பு மூணையும் பெருக்கின தொகை. 1965-ல ராப், இங்லாண்டர்-கோல்டன்ங்கற ரெண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட அளவுகள் இந்த வழியில எடுத்ததுதான், இன்னைக்கும் ஆளுங்க அதை எடுத்து ஒப்பிடுறாங்க. அழுத்தம் ஒரு டோர்ல (அது அழுத்தத்தோட அலகு) பத்தாயிரத்துல ஒரு பங்கு, பாதை 1 செ.மீ.ன்னு வச்சுக்குங்க, 100 எலக்ட்ரான் வோல்ட்ல பத்தாயிரம் எலக்ட்ரான் போனா சுமாரா 8 தான் நைட்ரஜனை அயனியாக்கும். அதுல இருந்து கிடைக்கிற பரப்பு ஏறக்குறைய 2.5 சதுர ஆங்ஸ்ட்ராம் (ஆங்ஸ்ட்ராம்னா ஒரு செ.மீ.ல பத்துக் கோடியில ஒரு பங்கு). மூலக்கூறை உருண்டையா நினைச்சா அதோட முகப்பரப்பு 10 சதுர ஆங்ஸ்ட்ராம் பக்கம் வருது. இப்ப சொல்லுங்க, எதை எங்க வெட்டினோம்?

இன்னும் இருக்கு. எலக்ட்ரானோட ஆற்றல் 15.6 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழ இருந்தா நைட்ரஜன் அயனியாகாது, அந்தப் பரப்பு சுழியம். குறுக்குவெட்டு சுழியம்னா மூலக்கூறு காணாமப் போயிடுச்சா? ஆர்கான் கதை இதைவிட வேடிக்கை, ஜெர்மன் இயற்பியலாளர் ராம்சவர் 1921 வாக்குல கண்டது, எலக்ட்ரான் ரொம்ப மெதுவா, அரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவா வந்தா ஒரு இடத்துல ஆர்கானை கிட்டத்தட்ட கண்டுக்காமலே கடந்து போயிடுது. ஆர்கான் அதே ஆர்கான்தான், உருவம் மாறல, நடக்குற வாய்ப்புதான் மாறுது. ஒரே மூலக்கூறுக்கு அயனியாக ஒண்ணு, கிளர்வுற (அதாவது எலக்ட்ரானை இழக்காம ஆற்றல் மட்டும் ஏறி நிக்க) ஒண்ணு, சும்மா திசை மாத்தி விட ஒண்ணுன்னு தனித்தனி பரப்பு இருக்கு. ஒரு வாழைத்தண்டுக்கு எத்தனை குறுக்குவெட்டுய்யா?

ஜெர்மன்காரன் இதுக்கு விர்குங்ஸ்க்வெர்ஷ்னிட்ங்கறான், முன்னாடி இருக்கிற விர்குங் விளைவைச் சொல்லுது. பிரெஞ்சுக்காரனும் செக்ஸியோன் எஃபிகாஸ்னு செயலைக் காட்டுற ஒரு அடைமொழியை சேர்த்துக்கிட்டான். இங்கிலீஷ்தான் சோம்பேறித்தனமா மொட்டையா விட்டுச்சு, நம்மாளுங்க தேடிப்போய் அந்த மொட்டையையே எடுத்து வச்சிருக்காங்க. எங்க ஊர்ப்பக்கம் குறுக்குன்னா இடுப்பு, குறுக்கு வலின்னா இடுப்பு வலி. குறுக்குவெட்டுன்னு பேப்பர்ல படிச்சா எங்க பாட்டி யாருக்கு வெட்டு விழுந்துச்சுன்னுதான் கேட்டிருக்கும்.

என் சொல் வினைப்பரப்பு. வேதியியல்ல வினை ஏற்கெனவே இருக்கு, பரப்பு எல்லாருக்கும் தெரியும், நாலு பேர் முன்னாடி சொன்னா வாய் தடுக்காது. தனித்தனியா சொல்லணும்னா அயனியாக்கப் பரப்பு, கிளர்வுப் பரப்பு. மோதல் பரப்புன்னும் சிலர் சொல்றாங்க, குறுக்குவெட்டுக்கு அது எவ்வளவோ தேவலாம், ஆனா மோதினதெல்லாம் அயனியாகிடாதே. விளைபரப்புன்னு எனக்கே ஒரு ஆசை வந்துச்சு, ஆனா அது விவசாய ஆபீசர்ங்க கையில இருக்கு, குறுவை எத்தனை ஏக்கர்னு ஆரம்பிச்சிடுவாங்க.

கிளர்வை கிளர்ச்சின்னு எழுதுறவங்களுக்கும் ஒரு வார்த்தை. கிளர்ச்சியுற்ற மூலக்கூறுன்னா கொடி புடிச்சிக்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்குற மாதிரி இருக்கு. கிளர்வு போதும், இலங்கைல அருட்டல்ங்கறாங்க, அது இன்னும் அழகு. அப்புறம் அயனியையே தூக்கணும்னு வர்ற தூய்மைவாதிங்க கொஞ்சம் உக்காருங்க. 1834-ல ஃபாரடே காலத்துல கிரேக்கத்துல இருந்து எடுத்தது, போறதுன்னு அர்த்தம், உத்தராயணத்துல இருக்கிற அயனமும் அதே போக்குதான், ரெண்டும் தூரத்துச் சொந்தம். நாக்குல உக்காந்துடுச்சு, பொருளும் தப்பு இல்ல, அதை ஏன் நோண்டணும்? நோண்ட வேண்டிய இடத்தை விட்டுட்டு எப்பவும் இவங்களுக்கு இதே வேலை.

பையன்கிட்ட வினைப்பரப்புன்னு சொல்லி கணக்கையும் போட்டுக் காட்டினேன், "அப்ப வீங்கல, வாய்ப்புதான் கூடுது"ன்னான். அடுத்த பக்கத்துல அணுக்கரு பாடம், அங்க இதே பரப்போட அலகு பார்ன். இங்கிலீஷ்ல அது தானியக் கொட்டகை, அணுக்கருவுக்கு இது கொட்டகை சைஸ்னு 1942-ல ரெண்டு அமெரிக்கர்கள் கிண்டலா வச்ச பேரு. பயந்துகிட்டே பக்கத்தைப் புரட்டினேன், நல்லவேளை, பார்ன்னே விட்டிருந்தாங்க.