உப்புக்கு மேல் மிதக்கும் மழை

தனுஷ்கோடியில் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலைக் கையாலேயே தோண்டுவார்கள். சில அடி ஆழத்தில் தண்ணீர் கசியும். அதைச் சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். இரண்டு பக்கமும் கடல் இருக்க, நடுவில் ஊறுவதோ நல்ல தண்ணீர். கடல்நீர் மணலில் வடிந்து இனிப்பாகிவிட்டது என்று சுற்றுலா வருபவர்களுக்குக் கதை சொல்வதுண்டு. மணல் கலங்கலைப் பிடிக்கும்; கரைந்த உப்பை அதனால் பிடிக்க முடியாது. குழியில் ஊறுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழைதான்.

சரி, அது கடலோடு ஏன் கலந்துவிடவில்லை? எடைதான் காரணம். ஒரு லிட்டர் மழைநீர் 1000 கிராம் என்றால் கடல்நீர் 1025 கிராம் இருக்கும். கனமான உப்புநீர் அடியில் கிடக்க, மழைநீர் அதன்மேல் மிதக்கிறது. கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால், கீழே 40 அடிவரை அது இறங்கியிருக்கும். நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும் பட்டை ஒன்று உண்டு, அதனால் நிஜத்தில் கொஞ்சம் குறையும். இதே கணக்கு நம்மைத் திருப்பியும் அடிக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். சிரட்டை மேலாக மொள்கிறது, ஆழ்துளைக் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுகிறது. கிணறு உவர்த்துப்போன கதைகளில் பாதி இதுதான்.

வருஷா வருஷம் மழை மணலுக்குள் இறங்கினால்தான் இந்த இருப்பு நிற்கும். மணல்மேடு குடித்துக்கொள்ளும், சிமெண்ட் ரோடு குடிக்காது. ரோட்டில் ஓடும் மழை சாணி, வண்டி எண்ணெய், பாலிதீன் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு கடலுக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவின் பவளத்துக்கும் கடற்புல்லுக்கும் வெயில் வேண்டும். அவற்றின்மேல் வண்டல் படிந்தால் மூச்சு முட்டியது போலத்தான்.

உள்ளே தள்ளி, களிமண் பூமியில், கதை வேறு. அங்கே மழை எளிதில் இறங்காது, தேக்கித்தான் ஆக வேண்டும். அதற்குத்தான் ஊருணி, ஊர் குடிப்பதற்கான குளம். வரத்துக்காலில் ஓடிவரும் தண்ணீரை நேரே உள்ளே விடாமல், வாயிலில் ஒரு சின்னக் குழியில் நிற்க வைத்து வேகத்தைக் குறைப்பது நல்லது. அசையாத தண்ணீரில் மணல்துகள் ஒரு மீட்டர் இறங்க ஓரிரு நிமிடம் போதும். நுண்ணிய களித்துகளுக்கோ மூன்று நாள்கூட ஆகும். அதனால் குழி மணலைத்தான் பிடிக்கும், களி ஊருணிக்குள் போய்ச் சாவகாசமாகப் படியும். படியாமல் மிச்சம் இருப்பதற்குத்தான் தேத்தாங்கொட்டை, அதாவது தேத்தா மரத்தின் விதை. குடத்தின் உள்பக்கம் நாலு தேய் தேய்த்தால், கரைந்து வரும் பொருள் துகள்களைத் திரட்டிக் கீழே இறக்கிவிடும். கலங்கல்தான் போகும், கிருமி போகாது. அப்புறம் கொதிக்க வைத்தே ஆக வேண்டும். ஊருணியைச் சுற்றி முள்வேலி போட்டு, மாடு குளிப்பாட்ட வேறு குளம் காட்டியதும் அதற்காகத்தான்.

எங்கள் ஊரில் ரோட்டை உயர்த்தியபோது வரத்துக்கால் மண்ணுக்குள் போய்விட்டது. குழாய் பதிக்க யாருக்கும் நினைவு வரவில்லை. அந்த ஐப்பசியில் ஊருணி பாதிகூட நிறையவில்லை. கீழத்தெரு வீடுகளில் முழங்கால் தண்ணீர். மழை குறைவில்லை, வழிதான் இல்லை.

2003-இல் தமிழ்நாட்டில் வீடுகளுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமானது. ஆயிரம் சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் விழும். ஆனால் முதல் மழையைத் தொட்டிக்குள் விடக் கூடாது, மாடி அழுக்கெல்லாம் அதில்தான் வரும். எங்கள் வீட்டுக் குழாயின் அடியில் ஒரு மூடி இருக்கிறது. இடி கேட்டதும் அம்மா அதைக் கழற்றிவிட்டு வாளி வைப்பார். முதலில் டீ நிறத்தில் வரும். காக்கை எச்சம், வேப்பிலைச் சருகு எல்லாம் மிதக்கும். வாளியின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிந்த பிறகுதான், “இப்ப மூடுடா” என்று குரல் வரும்.