அதிர்பலகை: பியானோவின் மரப்பலகைக்கு ஏற்ற சொல்

பியானோவைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் ‘ஒலிபெருக்கிப் பலகை’ என்றொரு சொல் ஓயாமல் தட்டுப்படுகிறது. கம்பிகளை ஒட்டி, கருவியின் அகலம் முழுவதற்கும் விரிந்திருக்கும் மரப்பலகைக்கு ஆங்கிலத்தில் சவுண்ட்போர்டு என்று பெயர். அதைத்தான் இப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். படிப்பவருக்குத் திருவிழாப் பந்தலில் கட்டிய குழாய்தான் கண்முன் வரும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பலகை என்ன வேலை செய்கிறது என்பதையே இச்சொல் தவறாகச் சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. தேவாலயப் பிரசங்க மேடைக்கு மேலே குரலைச் சபையை நோக்கித் திருப்பிவிடும் விதானமும் ஆங்கிலத்தில் ‘சவுண்டிங் போர்டு’தான், அமெரிக்கர்கள் ஒலிக்கலவை மேசையையும் சவுண்ட்போர்டு என்பார்கள். ஆகவே வெறுமனே ‘ஒலிப்பலகை’ என்றால் எதைக் குறிக்கிறோம் என்பது தெளிவாகாது. இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் இசைவுப் பலகை என்னும் பொருளில் பெயரிட்டார்கள். ஜெர்மானியர் ‘ரெசோனன்ஸ்போடன்’, அதாவது ஒத்ததிர்வுத் தளம் என்றார்கள். அந்தப் பெயரால் நமக்கு வந்த வில்லங்கத்தைப் பிறகு பார்ப்போம்.

பெருக்கி என்பது வெளியிலிருந்து ஆற்றலைப் பெற்று, தன்னிடம் வந்ததைப் பெரிதாக்கித் தருவது. பியானோவின் பலகைக்கு அப்படி வெளி ஆற்றல் எதுவும் கிடையாது; விரல் அழுத்தியதும் சுத்தியல் கம்பிக்குக் கொடுத்ததுதான் மொத்த முதல். மெல்லிய கம்பி காற்றை வெட்டிக்கொண்டு போகுமே தவிரத் தள்ளாது என்பதால், அது தனித்து அதிர்ந்தால் அறையின் மறுமூலைக்கே சரியாகக் கேட்காது. கம்பியின் அதிர்வு, அதைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்னும் மரத்துண்டு வழியாகப் பலகைக்கு இறங்குகிறது. அகன்ற பலகை காற்றைத் தள்ளுகிறது. நடப்பது ஆற்றலின் கைமாற்றம் மட்டுமே. அது எவ்வளவு விரைவாக நடக்க வேண்டும் என்பதில்தான் வடிவமைப்பாளரின் தலைவலி இருக்கிறது. பலகை மெலிந்து எளிதில் அசைந்தால் ஓசை ஓங்கி எழும், ஆனால் கம்பியின் இருப்பு சீக்கிரம் கரைந்து நாதம் நிற்காது. தடித்து விறைத்திருந்தால் நாதம் நீளும், ஓசை அடங்கிப்போகும். உண்மையில் அது பெருக்கியாக இருந்திருந்தால் இந்த இழுபறிக்கே இடமில்லை.

இந்தப் பிழையை உணர்ந்த சிலர் ‘ஒத்ததிர்வுப் பலகை’ என்று எழுதுகிறார்கள். புலமை மணக்கும் இச்சொல்லை எதிர்ப்பது சற்றுக் கடினம், ஏனெனில் இதற்கு ஜெர்மானியரின் துணை இருக்கிறது. ஆயினும் நம் பள்ளிப் பாடநூல் சொல்லும் ஒத்ததிர்வு வேறு: ஒரு பொருள் தன் இயல்பதிர்வெண்ணோடு ஒத்துவரும் அதிர்வுக்கு மட்டும் மிகுந்து ஆடுவதே அது. பியானோவில் 88 கட்டைகள். அவற்றின் அடிப்படை அதிர்வெண்கள் 27.5 ஹெர்ட்சில் தொடங்கி ஏறத்தாழ 4,186 ஹெர்ட்ஸ் வரை செல்கின்றன. இவற்றுள் தனக்குப் பிடித்ததற்கு மட்டும் ஆடும் பலகை வாய்த்தால், ஒரு சுரம் அலறும், பக்கத்துச் சுரம் ஊமையாகும். எந்தச் சுரம் வந்தாலும் அதற்கேற்ப அசைந்து கொடுப்பதே பலகையின் கடமை. அதற்குப் பாடநூலிலேயே ‘திணிப்பதிர்வு’ என்ற பெயர் இருக்கிறது.

பலகைக்கும் இயல்பதிர்வெண்கள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. பெரிய கச்சேரிப் பியானோவில் அவற்றுள் மிகத் தாழ்ந்தது ஏறத்தாழ 50, 60 ஹெர்ட்சில் அமையும். அதற்கும் கீழே பலகையால் ஓசையைச் சரிவர வெளியிட முடியாது. கடைசி இடக்கட்டையின் அடிப்படை அதிர்வு நம் காதுக்கு மிகக் குறைவாகவே வருகிறது, அதனோடு சேர்ந்து எழும் மேற்சுரங்களைக் கொண்டு காதே அதை ஊகித்துக்கொள்கிறது. மேலே போகப்போக இயல்பதிர்வெண்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலந்து, எதுவும் தனித்துத் துருத்தாமல் போகின்றன. வடிவமைப்பின் உழைப்பில் பெரும்பகுதி இப்படிச் சமப்படுத்துவதற்கே செலவாகிறது. பலகை செய்யப் பயன்படும் ஸ்புரூஸ் மரம் இழையோட்டத்தின் திசையில் காட்டும் விறைப்பு, குறுக்கே காட்டுவதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கவே பலகையின் முதுகில் இழைக்குக் குறுக்காக மரச்சட்டங்களை ஒட்டுகிறார்கள். 1936இல் ஸ்டெய்ன்வே என்னும் பியானோ நிறுவனம் காப்புரிமை பெற்ற பலகை நடுவில் ஏறத்தாழ 9 மி.மீ. தடிப்பாக இருந்து, ஓரம் நோக்கி மெலிந்துகொண்டே போகும். விளிம்பு வளைந்து கொடுத்தால்தான் முழுப் பரப்பும் தடையின்றி அசையும். எந்தத் தனி ஒத்ததிர்வும் தலைதூக்கக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொருளுக்கு ஒத்ததிர்வு என்றே பெயர் வைப்பது என்ன நியாயம்?

‘அதிர்பலகை’ போதும். அதிர்ந்த, அதிர்கின்ற, அதிரும் பலகை என முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. ஆகையால் ஒற்று மிகாது, ‘அதிர்ப்பலகை’ என்று எழுதுவது பிழை. ஒலியைப் பெருக்குவதாகவோ, தேர்ந்தெடுப்பதாகவோ அது எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை. அதிர்வெண், அதிர்வு என்னும் பாடநூற் சொற்களோடு உறவும் விட்டுப்போவதில்லை. எல்லாப் பலகையும் அதிருமே என்பாருக்கு, ஊறுகின்ற எல்லாக் காயும் ஊறுகாய் ஆகிவிடவில்லை என்பதே பதில். வீணையின் ‘மேற்பலகை’யை இங்கே இரவல் வாங்கலாம் என்னும் யோசனையும் உதவாது, ஏனெனில் கிராண்டு பியானோவில் பலகை கம்பிகளுக்குக் கீழே கிடக்கிறது, நிமிர்ந்த பியானோவில் அவற்றுக்குப் பின்னே நிற்கிறது. யாழின் குடமாகிய பத்தரை மூடிய ‘போர்வை’ தோலுக்கு உரிய பெயர், மரத்துக்கு ஒட்டாது.

இந்த ஒரு சொல்லோடு தொல்லை தீர்ந்தபாடில்லை. வீணைக்கும் வயலினுக்கும் ‘குதிரை’ என்ற சொல் நம் கலைஞர்கள் நாவில் நாள்தோறும் புழங்கிக்கொண்டிருக்க, பியானோவில் மட்டும் அதைப் ‘பாலம்’ ஆக்குகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். அகராதியைப் புரட்டும் கை கருவியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. பலகை கம்பிகளின் பக்கமாகச் சற்றே மேடிட்டிருப்பதை ஆங்கிலத்தில் கிரவுன் என்பார்கள். அது ‘கிரீடம்’ ஆகிவிட்டது. ‘புடைப்பு’ என்றால் யாருக்குப் புரியாது? பழுது பார்ப்பவர் பலகையின் அடியில் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி தெரிகிறதா என்று பார்க்கிறார்; தெரிந்தால் புடைப்பு இன்னும் இருக்கிறது, நூல் மரத்தோடு ஒட்டிக்கிடந்தால் அது தட்டையாகிவிட்டது. கிரீடம் என்று படித்துவிட்டு வந்தவர் அங்கே குனிந்து எதைத் தேடுவார்?