டீசெக்ரிகேஷன்: 'ஒருங்கிணைப்பு' என்று எழுதலாமா?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளையினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்று சட்டம் போட்டே பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவை எடுத்துவிடுவதுதான் டீசெக்ரிகேஷன். வேர் லத்தீன்: 'செ' என்றால் தனியே, 'க்ரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து பிரிப்பது செக்ரிகேஷன், முன்னால் ஒட்டிய 'டீ' அதை நீக்குகிறது.

தமிழில் 'ஒதுக்கல் நீக்கம்' என்று போட்டால் இடஒதுக்கீட்டை நீக்குவதாக யாராவது படித்துவிடுவார்கள், பொருளே தலைகீழாகிவிடும். 'இனப்பிரிப்பு நீக்கம்' பொருத்தமாக இருக்கிறது. ஆனால் பலரும் எழுதுவது 'ஒருங்கிணைப்பு'. அதைத்தான் விடச் சொல்கிறேன், ஏனென்றால் அது இன்டக்ரேஷன், அதாவது இரு இனப் பிள்ளைகளும் ஒரே பள்ளியில் கலந்து படிப்பது, வேறு சொல், இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் ஒரு தலைமுறைப் பிள்ளைகளின் படிப்பு மாட்டிக்கொண்டது.

1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் இனப்பிரிப்பு செல்லாது என்றது. மறு ஆண்டே தென் கரோலினாவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், அரசியல் சட்டம் பாகுபாட்டைத்தான் தடுக்கிறது, ஒருங்கிணைப்பைக் கேட்கவில்லை என்று சொல்ல, தென் மாநிலங்கள் அதையே பிடித்துக்கொண்டன. வர்ஜீனியாவின் நியூ கென்ட் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி), விருப்பப்பட்ட பள்ளியில் சேரலாம் என்று அறிவித்தார்கள். மூன்று ஆண்டுகளில் கறுப்பினப் பள்ளிக்கு ஒரு வெள்ளையினப் பிள்ளைகூட வரவில்லை, கறுப்பினப் பிள்ளைகளில் 85 சதவீதம் பேர் அங்கேயே இருந்தார்கள். கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, இரட்டை ஏற்பாட்டை நிர்வாகமே முன்வந்து வேரோடு எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1968 ஆனது.

அதே வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி செய்தது இதைவிடக் கொடுமை. தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் வகுப்பு நடந்ததை எதிர்த்து 1951-இல் 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்த இடம் அது. அதையொட்டித் தொடுத்த வழக்கும் பிரவுன் வழக்கோடு சேர்ந்துதான் தீர்ப்பானது. தீர்ப்பை அமல்படுத்தியே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும், 1959-இல் கவுண்டி தன் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் இழுத்து மூடிவிட்டது! வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் அகாடமி ஒன்று உடனே எழுந்தது. கறுப்பினக் குடும்பங்கள் என்ன செய்யும்? தேவாலயங்களில் தங்களால் முடிந்த அளவு பாடம் நடத்தினார்கள். சிலர் பிள்ளைகளை வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பினார்கள், குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் உதவியோடு வேறு மாநிலத்துக்குப் போய் முன்பின் தெரியாத வீடுகளில் தங்கிப் படித்த பிள்ளைகளும் உண்டு. பலருக்குப் பல ஆண்டுப் படிப்பு அப்படியே போனது.

உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு 1964-இல் பள்ளிகள் திறந்தன, வெள்ளையினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அகாடமியிலேயே இருந்துவிட்டார்கள். அந்த 1964-ஐப் பற்றி எழுதுகிறவர்கள் 'இனப்பிரிப்பு நீக்கம்' என்று எழுதுங்கள். ஒருங்கிணைப்பு அன்றைக்கு அங்கே நடக்கவில்லை.