குரும்பை நகரவில்லை, மணி அடித்தது

"அலை ஆற்றலைக் கடத்தும், பொருளைக் கடத்தாது." ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் இந்த வரியை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். தொட்டியில் ஒரு கல்லைப் போட்டு, "இப்போ தண்ணி எங்கே போகுது?" என்று கேட்டால் பாதிப் பேர் கரையைக் காட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. அதனால் இந்தப் பாடத்தை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. தோட்டத்துத் தொட்டியில் தொடங்குகிறேன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, தண்ணீர் அசைவில்லாமல் நிற்கும்வரை பொறுங்கள். தென்னை மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் குரும்பை ஒன்றை எடுத்து நடுத்தொட்டியில் மிதக்க விடுங்கள். ஒரு மூலையில் கல்லைப் போடுங்கள். வளையம் வளையமாக அலை கிளம்பி வரும். குரும்பை எழும், தாழும், கொஞ்சம் முன்னே பின்னே ஆடும். அலை அதைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் மோதும். குரும்பை கிட்டத்தட்டப் போட்ட இடத்திலேயே இருக்கும்.

"அங்கயே நிக்குதுங்க சார்!" என்று ஒரு பிள்ளை கத்தும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

ஆடி மாதத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று குரும்பையைத் தள்ளிக்கொண்டே போய்விடும். பிள்ளைகள் அலைதான் தள்ளியது என்று முடிவு கட்டிவிடுவார்கள். காற்று வேறு, அலை வேறு. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சுற்றுவது உண்மையாகவே இடம்பெயர்ந்து வரும் காற்று. கீழ்பவானி வாய்க்காலில் குரும்பையைப் போட்டாலும் அது போய்விடும், ஏனென்றால் அங்கே தண்ணீரே ஓடுகிறது. ஓட்டத்தில் ஆற்றல் பொருளோடு சேர்ந்து போகிறது. அலையில் பொருள் நின்ற இடத்திலேயே ஆடி, ஆட்டத்தைப் பக்கத்தில் உள்ளதிடம் ஒப்படைக்கிறது. இந்த வித்தியாசத்துக்கு ஒரு வகுப்பு முழுவதும் செலவானாலும் பரவாயில்லை என்பேன்.

சரி, பொருள் போகவில்லை. ஆற்றல் போனது என்று எப்படி நம்புவது? பிள்ளைகள் இதைக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாமே கேட்டுவிட வேண்டும்.

இதற்கு ஒரு கயிறு போதும். இருபதடி நீளக் கயிற்றின் ஒரு முனையைத் தூணில் கட்டுங்கள். தூணிலிருந்து ஒரு முழம் தள்ளி, ஆட்டுக்குட்டிக்குக் கட்டும் சின்ன மணி ஒன்றைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணித்துண்டு ஒன்றை முடிச்சுப் போடுங்கள். மறுமுனையை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டு கையை ஒருமுறை வெடுக்கென்று மேலும் கீழும் உதறட்டும். கயிற்றில் ஒரு திமில் எழுந்து ஓடும். துணி ஒரு துள்ளு துள்ளிப் பழைய இடத்துக்கே திரும்பும். அப்புறம் அந்தப் பக்கம் மணி அடிக்கும்.

மணியை யாரும் தொடவில்லை. கையிலிருந்த கயிற்றுத் துண்டு மணி வரை போகவும் இல்லை. ஆனாலும் மணியை ஆட்டுவதற்கு வேண்டிய ஆற்றல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அது காலையில் சாப்பிட்ட இட்லியிலிருந்து தோளுக்கு வந்து, தோளிலிருந்து கயிற்றுக்கு வந்த ஆற்றல். கூர்ந்து பார்த்தால் திமில் தூணில் மோதித் திரும்பி வருவதும் தெரியும், பிடித்திருக்கும் கையை லேசாக ஒருமுறை சுண்டி இழுக்கும். அதைக் கையால் உணர்ந்த பிள்ளைக்கு அலை மறக்காது.

கொஞ்சமாக உதறினால் மணி சிணுங்கும், பலமாக உதறினால் கணகணக்கும். திமில் எழும் உயரத்துக்குத்தான் வீச்சு என்று பெயர். நொடிக்கு எத்தனை முறை ஆட்டுகிறோம் என்பதை மாற்றாமல் வீச்சை மட்டும் இரண்டு மடங்காக்கினால், ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று மடங்காக்கினால் ஒன்பது மடங்கு. தொட்டியில் வளையம் பெரிதாகப் பெரிதாக அலை ஏன் அடங்குகிறது என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. கல் கொடுத்த அதே ஆற்றல் மேலும் மேலும் பெரிய வட்டத்தில் பங்கு போடப்படுகிறது, அதனால் வீச்சு குறைகிறது.

சோமனூர்ப் பிள்ளைகளுக்கு ஒலியைப் பற்றிச் சொல்லத் தறிக்குடோன் போதும். தறி ஓடும்போது குடோன் சுவரில் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியும். உள்ளே பறக்கும் பஞ்சு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்க, சத்தம் மட்டும் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் வீதிக்கு வந்துவிடுகிறது. காற்று முன்னும் பின்னும் நெருங்கி விலகி அதைக் கொண்டுவருகிறது. கயிறு மேலும் கீழும் ஆடியது குறுக்கலை, இது நெட்டலை.

இதே ஆட்டம் நிலத்தில் நடந்தால் நிலநடுக்கம். 1900 பிப்ரவரி 8 அன்று கோவைப் பக்கம் சுமார் 6 ரிக்டர் அளவில் நிலம் நடுங்கியது. தென்னிந்தியாவில் பரவலாக அது உணரப்பட்டது. கோவை மண் கோவையிலேயே இருந்தது, நடுக்கம் மட்டும் பாறை வழியாக நொடிக்குப் பல கிலோமீட்டர் ஓடியது.

இதுவரை வந்த எல்லா அலைக்கும் ஆடுவதற்குத் தண்ணீர், கயிறு, காற்று, பாறை என்று ஏதோ ஒன்று இருந்தது. அப்போது ஒரு பிள்ளை கேட்டது: "வெயில் எதுல ஆடி வருதுங்க சார்?" அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு நிறைந்திருந்தது. ஒளிக்கு ஊடகம் வேண்டாம். மின்புலமும் காந்தப்புலமும் ஒன்றையொன்று எழுப்பிக்கொண்டு வெற்றிடத்திலேயே வருகின்றன. சூரியனிலிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டரை 8 நிமிடம் 20 நொடியில் கடந்து, காங்கேயத்துக் களத்தில் பரப்பிய கொப்பரையின் மேல் விழுகின்றன. கொப்பரை சூடேறி, அதிலிருக்கும் ஈரம் ஆவியாகிப் போகிறது.