சாம்பிளுக்கு 'மாதிரி' பொருந்தாது

"இப்பாடல் எழுபதுகளின் ஃபங்க் பாடல் ஒன்றின் மாதிரியைக் கொண்டு உருவாக்கப்பட்டது." ஹிப்-ஹாப் வரலாறு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் இந்த வரி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. படிப்பவருக்கு என்ன புரியும்? பழைய பாட்டைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று போட்டார்கள் என்றுதான். நடந்தது வேறு. பழைய இசைத்தட்டிலிருந்தே இரண்டு மூன்று நொடி ஒலியை அறுத்தெடுத்து, சுருதியை ஏற்றியோ இறக்கியோ, புதுப் பாட்டுக்குள் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அப்படி எடுத்த துண்டுக்குத்தான் ஆங்கிலத்தில் சாம்பிள் என்று பெயர்.

சாம்பிள் என்ற சொல் லத்தீனின் 'எக்ஸெம்ப்ளும்' பழைய பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்த வடிவம். அதன் வேரில் 'வெளியே எடு' என்ற வினை இருக்கிறது. நம் 'எடுத்துக்காட்டு' என்ற சொல்லின் முதல் பாதிதான் அது.

'மாதிரி'யில் அந்த எடுத்தல் இல்லை. மாதிரி வினாத்தாள், துணிக்கடை மாதிரித் துண்டு, ஆய்வகத்து இரத்த மாதிரி என எல்லாவற்றுக்கும் ஒரே கடமை: அதைப் பார்த்தால் முழுசும் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். ஹிப்-ஹாப் சாம்பிளுக்கு அந்தக் கடமை கிடையாது. மாப் டீப் என்ற ராப் குழு 1995-இல் வெளியிட்ட 'ஷுக் ஒன்ஸ், பார்ட் 2', இந்த இசையின் தலைசிறந்த பாடல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இடம்பிடிப்பது. அதில் ஓடும் அந்த இருண்ட மெட்டு எங்கிருந்து வந்தது என்பதை ரசிகர்கள் கண்டுபிடிக்க 2011 ஆகிவிட்டது. ஜாஸ் கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஜெசிக்கா'வில் வரும் பியானோவை மாப் டீப்பின் ஹேவக் அவ்வளவு நறுக்கி, சுருதி மாற்றியிருந்தார். பதினாறு ஆண்டுகள் யாருக்கும் அடையாளம் தெரியாத ஒன்று எதற்கு மாதிரி?

கருவியின் பக்கம் போனால் சிக்கல் இன்னும் வேடிக்கையாகும். சாம்பிள்களைப் பதிந்து இசைக்க 1987-இல் வந்த எஸ்பி-1200 என்ற பெட்டியில் மொத்தமே சுமார் 10 நொடி ஒலிதான் கொள்ளும். ஒரு துண்டு 2.5 நொடியைத் தாண்டக் கூடாது. அதனால் நிமிடத்துக்கு 33 சுழற்சி ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓடவிட்டுப் பதிவார்கள். 2.5 நொடிக்குள் ஏறத்தாழ 3.4 நொடி இசை அடங்கிவிடும். பிறகு பெட்டிக்குள் சுருதியை இறக்கிப் பழைய வேகத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்படி இறக்கும்போது ஒலி மணல் விழுந்ததுபோல் கரகரக்கும். அந்தக் கால நியூயார்க் பாடல்களின் முரட்டு டிரம் ஒலிக்கு இந்தக் கஞ்சத்தனமும் ஒரு காரணம். இதே பெட்டி ஒலியை நொடிக்கு 26,040 தடவை அளக்கிறது. அந்த ஒவ்வொரு அளவுக்கும் பெயர் சாம்பிள்தான்! அங்கே 'மாதிரி' பொருந்தும். அளக்கும் வேகத்துக்கு 'மாதிரி வீதம்' நல்ல சொல், இருக்கட்டும். ஆனால் இரண்டுக்கும் அதையே போட்டால் 'மாதிரியின் மாதிரி வீதம்' என்று எழுத வேண்டிவரும். அதைப் படித்துவிட்டு ஒருவர் பெட்டியை இயக்கிவிட்டால் அது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

'ஒலிமேற்கோள்' என்று சொல்வோரும் உண்டு. 'மாதிரி'யைவிடத் தேவலை. ஆனாலும் மேற்கோள் என்றால் சொன்னதைச் சொன்னபடி காட்டி, சொன்னவர் பெயரையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' 1970-இல் வெளிவந்தது. அதில் டிரம் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் தனியாக வாசித்த சில நொடிகள் எத்தனையோ பாடல்களுக்கு அடித்தளமாயின. பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் 'ஃபைட் தி பவர்' அவற்றில் ஒன்று. பாட்டின் படைப்பாளி என்ற உரிமை ஸ்டபிள்ஃபீல்டுக்கு இல்லை. ராயல்டி என்று கையில் வந்ததும் சொற்பம். இதை மேற்கோள் என்றால் மேற்கோளுக்கே மரியாதை இல்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சலூட்டுவது 'இன்டர்போலேஷன்' என்பதற்கு அகராதியைத் திறந்து 'இடைச்செருகல்' என்று எழுதுவது. இடைச்செருகல் என்றால் பழம் பாடல்களுக்குள் பின்னால் வந்த யாரோ நுழைத்த செய்யுள். அதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. ஹிப்-ஹாப்பில் நடப்பதோ, பழைய பதிவைத் தொடாமல் அதன் இசை வரியை ஆள் வைத்துத் திரும்ப வாசிப்பது. 1979-இன் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற ராப் பாடல் அப்படி வந்தது: ஷிக் குழுவின் 'குட் டைம்ஸ்' பாட்டின் பேஸ் கிட்டார் வரியை ஸ்டூடியோ கலைஞர்கள் வாசித்தார்கள். தமிழில் வயலினையே 'வாசிக்கிறோம்'. 'மீள்வாசிப்பு' என்றால் கச்சிதம். பணத்திலும் இந்த வேறுபாடு தெரியும். சாம்பிள் எடுத்தால் பதிவின் உரிமையாளர், பாட்டின் உரிமையாளர் என இருவரிடம் அனுமதி வேண்டும். மீள்வாசிப்புக்குப் பின்னவர் மட்டும் போதும். பாடகர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியின்றி எடுத்ததற்காக, 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி தரப்புக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் ஒரு பாட்டில் பத்துப் பதினைந்து துண்டுகளை அடுக்கும் பாணி கட்டுப்படியாகாமல் போயிற்று. சாம்பிளையும் மீள்வாசிப்பையும் தப்பான சொற்களால் குழப்பிவிட்டு இந்த மாற்றத்தை விளக்கவே முடியாது.

சாம்பிளுக்கு என்ன சொல்லலாம்? 'ஒலியொட்டு' என்பேன். ஒட்டுமாவில் தாய்மரத்துக் குச்சியையே வெட்டி வேறொரு வேர்ச்செடியில் கட்டுகிறார்கள். வளர்வது புது மரம், குச்சி பழையது. ராப் பாடகி எம்.ஐ.ஏ.வின் 'பாம்பூ பங்கா'வில் 'தளபதி' படத்துக் 'காட்டுக்குயிலு' கேட்பது அப்படித்தான். இளையராஜாவின் பதிவே அங்கே ஒட்டியிருக்கிறது. 'ஒட்டு' என்றதும் கிழிந்த வேட்டி நினைவுக்கு வருகிறது என்பார்கள். வரட்டும், தைத்தது என்றாவது தெரிகிறதே. பிடிக்காதவர்கள் 'சாம்பிள்' என்றே எழுதலாம். தூய தமிழில் தப்பாகச் சொல்வதைவிடக் கடன்வாங்கிச் சரியாகச் சொல்வது மேல்.

இதே அகராதிக்காரர்கள்தான் 'பிரேக்' என்பதை 'இடைவேளை' ஆக்கினார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520-இல் நடந்த விருந்தில் இசைத்தட்டு ஓட்டியவர் கூல் ஹெர்க். பாட்டும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் இடம் வந்ததும் கூட்டம் எழுந்து ஆடுவதைக் கவனித்து, அந்த இடத்தை மட்டும் நீட்டும் வித்தையை வளர்த்தவர் அவர். அந்த இடம்தான் பிரேக். அதற்கு நம் கச்சேரியில் சொல் தயாராக இருக்கிறது: 'தனி', அதாவது தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனம். தனி தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்துபோகிறவர்கள் சபாவில் உண்டு. 'இடைவேளை' அவர்கள் தந்த மொழிபெயர்ப்பாக இருக்கும்.